நாய்க்கு ஒரு கம்பி வேலி



விடியற்காலையில் பள்ளிக்கூட வேனுக்காகப் பிள்ளைகள் சாலையோரம் நிற்கிறார்கள். லயத்திலிருந்து நாலைந்து நாய்கள் அவர்களோடு கூடவே வந்து நிற்கின்றன. எல்லாம் நம் வீட்டு நாய்கள்தாம்; நம் பிள்ளைகளை ஒன்றும் செய்யமாட்டா. ஆனால் அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அது தெரியுமா? நாய் துரத்துகிறது, அவர் தடுமாறுகிறார், வண்டி சாய்கிறது. உலு யாம், பத்தாங் காலி பக்கம் ஆனாலும் சரி, கோல சிலாங்கூர் பக்கம் ஆனாலும் சரி, தோட்டத்தில் வாழ்ந்த யாருக்கும் இது புதிய காட்சி அல்ல.

நாய் வளர்ப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். இருட்டோடு பால் மரம் சீவப் போனவர்களுக்கு முன்னால் நாய் ஓடும்; பாம்பு கிடந்தால் குரைத்துச் சொல்லும். அன்று வேலி தேவைப்படவில்லை. இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் இருந்த குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அங்கே பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருக்கலாம். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய சமய முறை. நம் நாய் அவர்கள் வாசலில் போய் மூக்கை நீட்டுவது நமக்குச் சிறிய விஷயம். அவர்களுக்குப் பெரிய சங்கடம்.

நோயையும் மறக்கக்கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. தெருவில் திரியும் நாய்தான் வேறு நாயிடம் கடிபட்டு வருகிறது. அதே நாயைத்தான் நம் பிள்ளை கட்டிப்பிடித்து விளையாடுகிறது.

சங்கிலியில் கட்டிப்போட்டால் போதாதா என்று கேட்கலாம். இரவும் பகலும் கட்டிக்கிடக்கும் நாய்க்குக் கோபம் வளரும். சங்கிலி எட்டும் தூரத்துக்குள் வரும் குழந்தைதான் கடிபடும். தவிர, 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணியைக் கொடுமைப்படுத்தியதாகத் தீர்ப்பானால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, நாய் நடமாட இடம் விட்டு வேலி கட்டுவதே நல்ல வழி.

நாங்கள் முதன்முதலில் கட்டிய வேலி மூன்று வாரம்கூட நிற்கவில்லை. உயரம் இருந்தால் போதும் என்று நினைத்து, ஆறடி உயரத்துக்குக் கோழிக்கூண்டு வலையை வாங்கிக் கட்டினோம். நாய் தாண்டவே இல்லை. பெருமழை பெய்த மறுநாள், நனைந்த மண்ணைப் பறித்துக்கொண்டு வலைக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. சாலையில் லாரியில் அடிபட்டு, பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அன்று நாங்கள் கற்ற பாடம் இதுதான்: வேலியின் பலம் உயரத்தில் மட்டும் இல்லை, அடியிலும் மூலையிலும் வாசலிலும் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை அந்த மூன்று இடங்களில் முதலில் செலவிட வேண்டும்.

இனி, வலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

கடையில் மூன்று வகை வலை கிடைக்கும். அறுகோணக் கண் கொண்ட கோழிக்கூண்டு வலை மலிவானது. ஆனால் அதன் கம்பி மிக மெல்லியது. நாய் பல்லாலும் காலாலும் அதைப் பிய்த்துவிடும். இரண்டாவது, சங்கிலிபோல் பின்னிய சாய்சதுரக் கண் வலை. இது நாய் மோதினால் வளைந்து கொடுக்கும், அறாது. மேடு பள்ளமான நிலத்துக்கும் ஏற்றது. மூன்றாவது, கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த சதுரக் கண் வலை. சமநிலத்தில் விறைப்பாக நிற்கும். ஆனால் மெல்லிய கம்பியாக இருந்தால் பற்றவைத்த இடங்கள் விட்டுப்போகும்.

கம்பியின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும் என்பதை மறக்க வேண்டாம். 20 கேஜ் கம்பி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. 12 கேஜ் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். 10 கேஜ் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். நடுத்தர நாய்க்கு 12 கேஜ் போதும்; முரட்டு நாய்க்கு 10 கேஜ் நல்லது. வளர்ந்த நாய்க்கு 2 அங்குலக் கண் சரி. குட்டிகள் இருந்தால் அடியில் இரண்டடி உயரத்துக்கு ஓர் அங்குலக் கண் வலையைச் சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் குட்டி தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். நம் ஊர் மழைக்குத் துத்தநாகம் பூசாத கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பியா என்று கேட்டு வாங்குங்கள்.

முள்கம்பி மட்டும் வேண்டாம். நாயின் உடம்பையும் பிள்ளைகளின் கையையும் அது கிழிக்கும். வீட்டு மின்சாரத்தை வேலியில் இணைப்பதோ கொலைக்குச் சமம். காட்டுப்பன்றிக்கென்று வைத்தாலும் மனித உயிரைத்தான் அது முதலில் வாங்கும்.

அடுத்து, அளவு. 24 அடி நீளம், 16 அடி அகலம் கொண்ட இடம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 80 அடி. எட்டடிக்கு ஒரு தூண் என்றால் 10 தூண். வாசலுக்கு இன்னும் ஒன்று, ஆக 11. மூன்றடி வாசலைக் கழித்தால் 77 அடி வலை வேண்டும். ஐந்தடி உயர வேலிக்கு ஏழடித் தூண் வாங்கி, இரண்டடியை மண்ணுக்குள் இறக்குங்கள். தாண்டும் பழக்கம் உள்ள நாய்க்கு வேலி ஆறடி இருக்கட்டும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ கான்கிரீட் தூணோ நல்லது. வெட்டிப்போட்ட பால் மரக் கட்டையை நட்டால் பூச்சியும் கறையானும் சீக்கிரம் தின்றுவிடும்.

தோட்டத்து வீடானால் முதலில் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். சாக்கடையை மறிக்காதீர்கள். மூலைத் தூண்களைச் சிமெண்டுக் கலவையில் நட்டு, வேலி போகும் இரு பக்கமும் சாய்வாக முட்டுக்கால் கொடுங்கள். வலையை இழுக்கும்போது பாரம் முழுவதும் மூலையில்தான் விழும். கலவை இறுக ஒரு வாரம் விட்டு, பிறகு வலையை இழுத்துக் கட்டுங்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்றாக மூன்று இழுவைக் கம்பிகள் ஓடட்டும். வலை தூணின் உட்பக்கம் இருக்க வேண்டும். நாய் முட்டினால் வலை தூணில் சாயும், கட்டு அறாது. வெட்டிய கம்பி நுனிகளை உள்ளே நீட்டிக்கொண்டிருக்க விடாமல் குறடால் மடக்கிவிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. இரண்டடி அகல வலையை வேலியின் உட்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, ஓரத்தை வேலியின் அடியோடு கட்டுக்கம்பியால் பிணையுங்கள். அதன்மேல் மண்ணும் கல்லும் போடுங்கள். புல் முளைத்து மூடிக்கொள்ளும். நாய் வேலியின் அடியில்தான் பறிக்கும். காலுக்கடியில் வலை தட்டினால் விட்டுவிடும். உலு யாம் பக்கம் சரிவான நிலம். பள்ளம் விழும் இடங்களில் கல் வைத்து அடைக்க வேண்டும். கோல சிலாங்கூர் கடலோரத்தில் மண் இளகியது; தூணை இன்னும் அரை அடி ஆழமாக இறக்க வேண்டும்.

வாசல் கதவு உட்பக்கமாகத் திறக்கட்டும். நாய் தள்ளினால் கதவு மூடும். கதவுக்கடியில் இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அங்கே சிமெண்டில் ஒரு படி கட்டிவிட்டால் பறிக்கவும் முடியாது. தாழ்ப்பாள் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உள்ளே நிழலும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசு வளரும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடியைப் பாருங்கள்.

வேலி கட்டியதோடு கடமை முடிந்துவிடாது. நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுங்கள்; எத்தனை நாய் வைத்துக்கொள்ளலாம் என்றும் அங்கேயே கேளுங்கள். தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால், மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டிராமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாலையில் அரை மணி நேரம் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வதும் நம் வேலைதான். காலால் நடந்து, நம்மோடு பழகிய நாய் வேலியைப் பறிக்க நினைக்காது. எங்கள் நாய் இன்று மூன்று காலில்தான் நடக்கிறது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும்போது வேலிக்குள் நின்று வாலாட்டி அனுப்பிவைக்கிறது. அந்த வேலியை நாங்கள் ஓராண்டு முன்னதாகவே சரியாகக் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் தாமதிக்காதீர்கள்.