மீனின் வழியறிதல்

நுழையும்முன்

வலையில் மீன் குறையும்போது, அது அழிந்ததா அல்லது இடம் மாறியதா என்னும் வினா எழுகிறது. அதன் விடையைப் பொறுத்தே கடலோர மக்களின் வாழ்வும் கடல்வளக் காப்பும் அமைகின்றன. அறிவியல் அவ்விடையைத் தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஆறும் கடலும் கூடுமிடம்

தூத்துக்குடி மாவட்டத்தில், வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தை அடுத்து அமைந்த மீனவர் ஊர் கீழவைப்பார். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் வைப்பாறு, வடகிழக்குப் பருவமழையின்போது பெருகுகிறது. அப்போது கழிமுகத்தின் உவர்ப்பு குறைகிறது, கோடையில் மிகுகிறது. மடவை, கொடுவா போன்ற மீன்கள் கடலுக்கும் கழிக்கும் இடையே சென்றுவரும் இயல்புடையவை. கொடுவா உவர்நீரில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் உப்புக் குறைந்த கழிகளை நாடிவந்து வளர்கின்றன. ஆற்றுநீர் வரத்து நின்றாலோ முகத்துவாரம் மணலால் அடைபட்டாலோ இப்பயணம் தடைபடும்.

கடற்புறத்திலும் மாற்றம் நிகழ்கிறது. இக்கரைக்கு எதிரே உள்ள காரைச்சல்லித் தீவு 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. கடலரிப்பால் இன்று அதில் நான்கில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் கடற்புல்வெளிகளும் மீன்குஞ்சுகளின் வளரிடங்கள் ஆகும்.

குறைந்ததா, பெயர்ந்ததா?

மீன்வள ஆய்வின் முதற்படி கணக்கெடுப்பு. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், மீன் இறங்குதளங்களில் பிடிபடும் மீனின் வகை, அளவு, பிடித்த வலை ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. மொத்த எடை மட்டும் உண்மையை உணர்த்தாது. பத்துப் படகுகள் பிடித்த அதே அளவு மீனை இருபது படகுகள் பிடித்தால், கடலில் மீன் குறைந்திருக்கக்கூடும். ஆதலால் உழைத்த நேரத்துக்கு எவ்வளவு மீன் கிடைத்தது என்பதே கணக்கிடப்படுகிறது.

இத்தகைய பதிவுகள் சில மாற்றங்களைக் காட்டின. முன்னர்ப் பெரும்பாலும் மேற்குக் கடற்கரையில் கிடைத்த நெய்ச்சாளை எனப்படும் மத்தி, பின்னர்த் தமிழகக் கரையிலும் மிகுதியாகப் பிடிபடலாயிற்று. மேல்நீரில் வாழும் கானாங்கெளுத்தியில், 1985–89 காலத்தில் 2 விழுக்காடே அடிமட்ட இழுவலைகளில் சிக்கியது. 2003–07 காலத்தில் அது 15 விழுக்காடாயிற்று. மேல்நீர் வெப்பமடைவதால் அது ஆழம் நோக்கி இறங்குவதாக ஆய்வாளர்கள் கருதினர். சென்னைக் கடலில் சங்கரா மீன் வகையொன்றை ஆராய்ந்தபோது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் காணப்பட்ட முட்டையிடும் மீன்களின் பங்கு, 1980இல் ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்து 2004இல் 5 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. இங்கு மாறியது இடமன்று, காலம்.

செவிக்கல் கூறும் வரலாறு

மீனின் தலைக்குள் சுண்ணாம்பாலான சிறிய செவிக்கற்கள் உள்ளன. மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல அவற்றிலும் வளையங்கள் படிகின்றன. அவற்றை நுண்ணோக்கியால் எண்ணி மீனின் வயதை அறியலாம். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் மிகுதி. நன்னீரில் பெரும்பாலும் குறைவு. ஒவ்வொரு வளையத்திலும் அத்தனிமத்தின் அளவை ஆராய்ந்தால், மீன் எந்த வயதில் கழியில் இருந்தது, எப்போது கடலுக்குச் சென்றது என்பது புலப்படும்.

சூரை போன்ற பெருமீன்களின் உடலில் செயற்கைக்கோள் குறிப்பான்கள் பொருத்தப்படுகின்றன. ஆழத்தையும் வெப்பத்தையும் பதிந்துகொள்ளும் அக்கருவி, குறித்த நாளில் கழன்று மிதந்து, செய்தியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது.

உடல் உணரும் அழுத்தம்

பெரும்பாலான மீன்களின் உடல்வெப்பம் சூழ்ந்த நீரைப் பொறுத்தது. நீர் சூடேறினால் மீனின் உயிர்வளித் தேவை உயர்கிறது. நீரில் கரையும் உயிர்வளியோ குறைகிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் அது 6.2 மில்லிகிராமாகக் குறையும். இந்நெருக்கடியில் மீனின் குருதியில் கார்டிசால் என்னும் சுரப்பு உயர்கிறது. சிறிது நேர உயர்வு மீனைத் தப்பியோட ஆயத்தப்படுத்தும். நீண்டகால உயர்வு வளர்ச்சியையும் நோயெதிர்ப்பையும் இனப்பெருக்கத்தையும் குன்றச் செய்யும். மீனைப் பிடிப்பதே இச்சுரப்பை உயர்த்துமாதலால், பிடித்த சில நிமிடங்களுக்குள் குருதி எடுக்கப்படுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

காக்கும் வழி

மீன்வளத்தைப் பெருக்கும் பொருட்டுத் தமிழகத்தில் 2001 முதல் விசைப்படகுகளுக்கு 45 நாள் மீன்பிடித் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் கிழக்குக் கடற்கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மீனின் முட்டையிடும் காலமே மாறினால், தடைக்கால நாள்களையும் மீளாய்வு செய்ய வேண்டியிருக்கும். மீன் குறைந்திருந்தால் பிடிப்பைக் குறைக்க வேண்டும். இடம் பெயர்ந்திருந்தால் தொலைவு செல்லும் மீனவரின் எரிபொருட் செலவையும் பாதுகாப்பையும் எண்ண வேண்டும். வளரிடம் அழிந்திருந்தால் அதனை மீட்க வேண்டும். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இடப்பட்டமை இம்மூன்றாம் வழிக்குச் சான்றாகும். நோயறியாது தரும் மருந்து பயன் தராது.

நீரோட்டத்தை ‘நீவாடு’ என வழங்கி, அதன் திசையையும் விசையையும் நோக்கி வலைவிரிக்கும் மீனவரின் பட்டறிவும் இவ்வாய்வுக்குத் துணையாகும். ஆய்வாளர் கருவிகொண்டு அளப்பதை அவர் நாள்தோறும் வலையில் காண்கிறார். அவ்விரண்டும் இணையும்போதுதான், வலை வெறுமையாக வரும் நாளில் அதன் காரணம் தெளிவாகும். கடலையும் கடலை நம்பிய ஊரையும் ஒருசேரக் காக்க வழி பிறக்கும்.