நெகிழ்வட்டு இல்லாத பழைய கணனியில் நிலைபொருளைப் புதுப்பித்தல்



கணனியின் ஆளியை அழுத்தியவுடன், விண்டோஸின் படம் திரையில் எழுவதற்கு முன்னர், சில விநாடிகள் கருந்திரையிலே வெள்ளெழுத்துக்கள் ஓடி மறைவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை நின்று படிப்பவர் மிகச் சிலரே. ஆயினும் அக்கணங்களில் நடைபெறுவது சிறிய காரியமன்று. மின்சாரம் பாய்ந்த மாத்திரத்தில் கணனியின் செயலிக்கு யாதொன்றும் தெரியாது. தனக்கு எவ்வளவு நினைவகம் உண்டு, விசைப்பலகை எங்கே, வன்தட்டு எங்கே என்பனவற்றை யாரேனும் அதற்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அங்ஙனம் சொல்லிக் கொடுக்கும் முதலாசிரியனாய்த் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிப்பினுள் அமர்ந்திருக்கும் நிரலையே பயோஸ் என்பர். சிப்பிலே நிலைத்திருப்பதால் இவ்வகை நிரலை நிலைபொருள் என்று தமிழில் வழங்குகின்றோம். அதனைப் புதுப்பிப்பது எப்படி, அதிலும் பிளொப்பி என்று நாம் அழைத்த நெகிழ்வட்டை ஏற்கும் டிரைவ் இல்லாத பழைய கணனியிலே புதுப்பிப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பயோஸ் என்னும் பெயரை 1975ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான கேரி கில்டால் தாம் ஆக்கிய சி.பி.எம். என்னும் இயங்குதளத்தில் வழங்கினார். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணனியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் பயோஸ் 8 கிலோபைற் அளவினதாய், மாற்ற முடியாத சிப்பிலே பதிக்கப்பட்டிருந்தது. அது கல்வெட்டுப் போன்றது. திருத்தம் வேண்டுமாயின் சிப்பையே கழற்றி வேறொன்றைப் பொருத்துதல் வேண்டும். ஜப்பானின் தோசிபா நிறுவனத்தைச் சேர்ந்த பூஜியோ மசுவோக்கா 1984இல் பிளாஷ் நினைவகத்தைப் பற்றி அறிஞர் உலகிற்கு வெளியிட்ட பின்னர் இந்நிலை மாறத் தொடங்கிற்று. மின்னாலே அழித்து மின்னாலே எழுதத்தக்க அவ்வகைச் சிப்புக்கள் 1990களின் நடுப்பகுதியிலே தாய்ப்பலகைகளிற் பரவலாயின. கல்வெட்டுச் சிலேற்றுப் பலகையாயிற்று. சிலேற்றிலே நாமும் எழுதலாம், பிறரும் அழிக்கலாம். 1998இல் தோன்றிய சி.ஐ.எச். என்னும் தீநிரல் 1999 ஏப்ரல் 26ஆம் நாளன்று பல நாடுகளிலே வன்தட்டுக்களை அழித்ததோடு, இயன்ற இடங்களிற் பயோஸையும் பாழாக்கிற்று. அங்ஙனம் பாழான கணனிகள் ஆளியை அழுத்தினும் விழிக்கவில்லை.

அத்தகைய மென்மையான இடத்திலே நாம் ஏன் கை வைத்தல் வேண்டும்? ஒழுங்காக இயங்கும் கணனியின் பயோஸை, புதியது வந்துவிட்டது என்னும் ஒரே காரணத்துக்காக மாற்றுதல் கூடாது என்பதே என் துணிபு. ஆனால், மெய்யான தேவைகளும் உண்டு. பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் அலுவலகங்கள் கழித்த கணனிகள் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்றின் வன்தட்டுப் பழுதாகின்றது. மாற்றுவதற்குக் கிடைப்பதோ பழையதினும் பன்மடங்கு பெரியதாக இருக்கின்றது. 1999ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முன்னர் வந்த அவோர்ட் பயோஸ் பலவற்றுக்கு 33.8 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட வன்தட்டைக் கண்டால் எண்ணிக்கை தவறிவிடும். கணனி தொடக்கத்திலேயே உறைந்து நின்றுவிடும். அந்தத் தடையைத் தாண்டியவற்றுக்கு இன்னொரு தடை 137 ஜிகாபைற்றில் இருந்தது. வன்தட்டின் கூறுகளை எண்ணுவதற்கு 28 இருமவிலக்கங்களையே ஒதுக்கினமையால், கூறொன்றுக்கு 512 பைற்றாக, அதற்கு அப்பால் எண்ண அதற்கு இயலவில்லை. இத்தகைய இடங்களிற் புதிய பயோஸ் ஒன்றே நேரான மருந்து. பதினைந்து பிள்ளைகளுக்கு ஐந்து கணனிகள் உள்ள அறையிலே, வீணாகக் கிடக்கும் ஒன்றை எழுப்புவது பயனுள்ள முயற்சி. இயங்கும் ஒன்றைக் கொன்றுவிடுவது பெரும் நட்டம். இரண்டும் ஒரே செயலால் நேரக்கூடும் என்பதை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும்.

இனி, நெகிழ்வட்டு இதனுள் வந்த வரலாற்றைப் பார்ப்போம். பயோஸை எழுதும் நிரல் தனித்து இயங்குதல் வேண்டும். விண்டோஸ் இயங்கும்போது எத்தனையோ காரியங்கள் ஒருங்கே நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்று இடறினால் எழுதுகை பாதியிலே நின்றுவிடும். ஆதலின் தாய்ப்பலகை செய்வோர், டொஸ் என்னும் சிறிய பழைய இயங்குதளத்திலே ஓடும் எழுதுநிரலொன்றையும், புதிய பயோஸ் அடங்கிய கோப்பையும் தந்து, இரண்டையும் நெகிழ்வட்டில் இட்டுக் கணனியை அதிலிருந்து தொடக்குக என்றனர். நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைற். அக்காலத்துப் பயோஸ் 128, 256 அல்லது 512 கிலோபைற். இடம் தாராளமாக இருந்தது. நெகிழ்வட்டே இல்லாத ஒரு காலம் வரும் என்று அவர்கள் எண்ணவில்லைப் போலும். 1998இல் அப்பிள் நிறுவனத்தின் ஐமக் கணனி நெகிழ்வட்டு டிரைவ் இன்றியே வந்தது. 2003இல் டெல் நிறுவனம் தன் மேசைக் கணனிகளில் அதனை வழக்கமாகப் பொருத்துவதைக் கைவிட்டது. 2011 மார்ச்சில் சோனி நிறுவனம் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆனால், பழைய தாய்ப்பலகைகளுக்கான கையேடுகளோ இன்றும் "நெகிழ்வட்டை ஏ டிரைவிலே செருகுக" என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அக்கையேட்டைப் படித்து மலைப்பவர் ஒன்றைச் சிந்தித்தல் நன்று. தேவைப்படுவன மூன்று: சிறிய இயங்குதளம், எழுதுநிரல், பயோஸ் கோப்பு. இம்மூன்றும் எந்த ஊடகத்திலிருந்து வருகின்றன என்பது எழுதுநிரலுக்கு ஒரு பொருட்டன்று. ஏ என்னும் பெயருடைய ஏதோ ஓரிடத்திலிருந்து டொஸ் விழித்துவிட்டால் அதற்குப் போதும். ஆகவே வேறொன்றை நெகிழ்வட்டாக வேடம் புனையச் செய்யலாம்.

அதற்கு முன்னர் உங்கள் பயோஸினுள்ளேயே எழுதுநிரல் உண்டோ என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டிற்குப் பிந்திய ஆசூஸ் பலகைகள் பலவற்றில் ஈ.சி. பிளாஷ் என்றும், கிகாபைற் நிறுவனத்தின் பலகைகளிற் கியூ-பிளாஷ் என்றும் அது காணப்படும். அவற்றுட் சில நெகிழ்வட்டை மட்டுமே படிக்கும். பிந்தியவை பென் டிரைவையும் படிக்கும். படிக்குமாயின் மேற்கொண்டு என் பேச்சுக்கு அவசியமே இல்லை.

இல்லையாயின் அடுத்தது பென் டிரைவ். மைக்ரோசொப்ட் நிறுவனம் டொஸைக் கைவிடப்போவதாகத் தெரியவந்தபோது, ஜிம் ஹோல் என்பவர் 1994இல் தொடங்கிய பிரீடொஸ் என்னும் இலவச இயங்குதளம் இன்று நமக்குக் கைகொடுக்கின்றது. ரூபஸ் என்னும் இலவச நிரல், வேறொரு கணனியிலே சில நிமிடங்களிற் பென் டிரைவ் ஒன்றைப் பிரீடொஸ் தொடங்கும் வண்ணம் ஆக்கித் தரும். அதிலே எழுதுநிரலையும் கோப்பையும் இட்டால் வேலை முடிந்தது. பழைய கணனி அதிலிருந்து தொடங்க மறுத்தால், பயோஸின் அமைப்புத் திரையில் தொடங்கும் வரிசையைப் பாருங்கள். யூ.எஸ்.பி. வன்தட்டு, யூ.எஸ்.பி. சிப் என்று இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். ஒன்று பலிக்காவிடில் மற்றதைத் தெரிக. 2 ஜிகாபைற்றுக்கு மேற்படாத சிறிய பென் டிரைவ் இத்தகைய கிழட்டுப் பொறிகளுக்கு நன்கு ஒத்துவரும்.

யூ.எஸ்.பி.யிலிருந்து தொடங்கவே அறியாத கணனிகளும் உண்டு. அவற்றுக்கு இறுவட்டே தஞ்சம். எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுவே. 1995இல் பீனிக்ஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து, இறுவட்டிலிருந்து கணனியைத் தொடக்குவதற்கான விதிமுறையொன்றை வகுத்தன. எல் தொரித்தோ என்பது அதன் பெயர். இளங்காளை என்று பொருள்படும் அந்த ஸ்பானியச் சொல், அதனை வகுத்த பொறியியலாளர் உணவருந்திய கலிபோர்ணிய உணவுச்சாலையொன்றின் பெயர் என்பர். அவ்விதிமுறையின் ஒரு பகுதி வியப்புக்குரியது. நெகிழ்வட்டொன்றின் முழுப் பிரதியை, அஃதாவது சரியாக 14,74,560 பைற் கொண்ட ஒரே கோப்பாக, இறுவட்டிலே பதித்துவிட்டால், பயோஸ் அதனை ஏ டிரைவ் என்றே டொஸுக்கு அறிமுகஞ் செய்துவைக்கும். டொஸ் ஏமாந்துபோகும். நாம் செய்யவேண்டியது, நெகிழ்வட்டுப் பிரதிக் கோப்பொன்றைப் பெற்று, எழுதுநிரலையும் பயோஸ் கோப்பையும் அதனுட் செருகி, தொடக்க இறுவட்டாக எரித்துக்கொள்வதே. கோப்புப் பெரிதாயின் 2.88 மெகாபைற் பிரதியையும் அவ்விதிமுறை ஏற்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. எழுதுநிரல் முதலில் "பழைய பயோஸைச் சேமிக்கவா?" என்று வினவும். ஆம் என்பதே அறிவுடைய விடை. ஆனால், இறுவட்டிலே எழுத முடியாதாகலின் சேமிப்புத் தோல்வியுறும். டொஸ் படிக்கத்தக்க வன்தட்டுப் பகுதி இருந்தால் அதிலே சேமிக்கலாம். விண்டோஸ் எக்ஸ்.பி. போன்றவை பெரும்பாலும் பயன்படுத்திய என்.ரி.எப்.எஸ். முறையிலுள்ள தட்டைத் தூய டொஸ் படியாது. ஆதலின் பழைய பதிப்பின் கோப்பையும் இணையத்திலிருந்து முன்னரே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவும் இறுவட்டும் இல்லாதவிடத்து, மெம்டிஸ்க் என்னும் சிறுநிரலைக் கொண்டு நெகிழ்வட்டுப் பிரதியை வன்தட்டிலிருந்தே நினைவகத்தில் ஏற்றித் தொடக்கலாம். அதிலே சேமிப்பது யாவும் ஆளியை அணைத்தவுடன் மறைந்துபோகும் என்பதை மறவாதீர்கள்.

விண்டோஸிலிருந்தே எழுதும் நிரல்களும் உண்டு. மேலே கூறிய காரணத்தால் அவற்றை நான் விரும்புவதில்லை. லினக்ஸில் இயங்கும் பிளாஷ்ரொம் என்பது திறமையானது. ஆனால் மடிக்கணனிகளில் அதனைப் பயன்படுத்த வேண்டாமென்று அதனை ஆக்கியோரே எச்சரித்துள்ளனர்.

எல்லாவற்றினும் மிகுந்த கவனம் வேண்டப்படுவது கோப்பைத் தெரிவதிலேதான். கணனிப் பெட்டியின்மேல் ஒட்டியுள்ள பெயரை நம்பற்க. பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையில் அச்சிட்டுள்ள மாதிரிப் பெயரையும் அதன் அருகிலுள்ள திருத்த எண்ணையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஒரே பெயருடைய பலகையின் முதலாந் திருத்தத்திற்கும் இரண்டாந் திருத்தத்திற்கும் வெவ்வேறு பயோஸ் இருத்தல் கூடும். அவோர்ட் பயோஸாயின், தொடக்கத் திரையின் அடியிலே நாளும் எழுத்துக்களும் கலந்த ஒரு நீண்ட வரி தோன்றும். அதுவே அப்பலகையின் பிறப்புச் சான்றிதழ். இடைநிறுத்து விசையை அழுத்தி அதனைப் பிரதி செய்துகொள்ளலாம். கோப்பின் அளவு பழையதன் அளவோடு ஒத்திருக்கின்றதா என்பதையும் பாருங்கள். எழுதுநிரல் "இக்கோப்பு இப்பலகைக்குரியதன்று" என்று மறுத்தால், அதனை வலிந்து எழுதச் செய்யும் வழிகளைத் தேடாதீர்கள்.

அடுத்தது மின்சாரம். எழுதுகை ஒரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். அந்நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டாற் சிப்பிலே பாதி பழையதும் பாதி வெறுமையுமாக நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். அப்போது நேர அட்டவணையாவது இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தீண்டியதால் நாடெங்கும் இருண்டது என்று அமைச்சர் கூறினார். குரங்கிற்கு அட்டவணை இல்லை. ஆகவே யூ.பி.எஸ். இணைத்து, அதன் பற்றரி நல்ல நிலையில் உள்ளதா என்று சோதித்த பின்னரே தொடங்குங்கள். மடிக்கணனியாயின் பற்றரியும் மின்னிணைப்பும் இரண்டும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் எழுதுகை தவறுமாயின் என் செய்வது? அக்காலத்துப் பயோஸ் சிப்பிலே, எளிதில் அழியாத சிறு பகுதியொன்றைத் தொடக்கக் கூறாக ஒதுக்கியிருப்பார்கள். மற்றப் பகுதி பாழானாலும் அது விழித்து, மீட்புக் கோப்பைத் தேடும். எங்கே தேடும் எனின், பெரும்பாலும் நெகிழ்வட்டிலேதான். பென் டிரைவையும் இறுவட்டையும் அறிந்திருந்தது பாழான பகுதி. எஞ்சிய சிறுபகுதி அவற்றை அறியாது. எனவே நெகிழ்வட்டு இல்லாத கணனியிலே எழுதத் துணிபவர், மீட்பு வழியையும் முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். ஒரு நற்செய்தி யாதெனின், டிரைவ் இல்லாவிடினும் பழைய தாய்ப்பலகைகள் பலவற்றில் அதற்குரிய 34 ஊசிகள் கொண்ட இணைப்பு இன்னும் இருக்கின்றது. கழித்த கணனியொன்றிலிருந்து டிரைவையும் நாடாக் கம்பியையும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். நெகிழ்வட்டோ நமது ஈரலிப்பிலே பூஞ்சணம் பிடிப்பது. படித்துப் பார்த்துப் பிழையற்றதென்று கண்ட பின்னரே அதனை நம்புங்கள். மீட்கும்போது திரையில் ஒன்றுந் தோன்றாமலும் இருக்கலாம். டிரைவின் சிறுவிளக்கு எரிந்து, வட்டுச் சுழலும் ஓசை கேட்டாற் பொறுமையாக இருங்கள். அதுவும் பலிக்காவிடில், தாங்கியிலே பொருத்தப்பட்ட சிப்பாயின், அதனைக் கழற்றிச் சிப் எழுதும் கருவியுள்ள பழுதுபார்ப்பவரிடங் கொடுத்துப் புதிதாக எழுதுவிக்கலாம். பலகையோடு பற்றவைத்த சிப்பாயின் வேலை கடினம். பலகையைத் தொடுமுன்னர் இதனைப் பார்த்து வைத்திருத்தல் நலம்.

எழுதுகை இனிது முடிந்தவுடன் கணனியை அணைத்து மறுபடி தொடக்கி, அமைப்புத் திரைக்குட் சென்று இயல்பு நிலை அமைப்புக்களை ஏற்றி, நாளையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். நேரம் அடிக்கடி பின்தங்குமாயின் பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரியை மாற்றுங்கள். பின்னர், எழுதிய பதிப்பின் எண்ணையும் நாளையும் ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்துப் பெட்டியின் உட்புறத்திலே ஒட்டி மூடிவிடுங்கள்.