இளமையும் இதயமும் யோகாசனமும்

முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பால் மறைந்த குடும்பத் தலைவர் ஒருவரை அண்மையில் நல்லடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் அவருடைய தம்பி என்னிடம் இரு வினாக்களை எழுப்பினார். "சாமி, நான் யோகாசனம் பழகினால் அண்ணனுக்கு நேர்ந்தது எனக்கு நேராதல்லவா? அது நம் வேதத்துக்கு ஒவ்வுமா?" அவருக்கு நான் அளித்த விடையை நம் குடும்பங்கள் அனைத்திற்கும் கூற விழைகிறேன்.

அவரது அச்சம் காரணமற்றதன்று. 52 நாடுகளில் நிகழ்ந்த பேராய்வு ஒன்றின்படி, முதன்முறை மாரடைப்புற்றோரின் சராசரி வயது தெற்காசியரிடையே 53. பிறரிடையே ஏறத்தாழ 59. இது 2007-இல் வெளியான செய்தி.

இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளும் உண்டு. அதனை அமைதிப்படுத்தும் 'வேகஸ்' என்னும் நரம்பும் உண்டு. கவலையும் உறக்கமின்மையும் முன்னதை முடுக்குகின்றன. மெல்ல மூச்சை வெளிவிடும்போது பின்னது வலுப்பெறுகிறது, நாடித்துடிப்பு தணிகிறது. யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் பயன் தருவது பெரும்பாலும் இவ்வழியாகவே. புதுவை ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலரை 45 சென்டிமீட்டர் உயர மேடையில் ஏறி இறங்கச் செய்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். இரண்டு மாத யோகப் பயிற்சிக்குப் பின், அதே உழைப்பினால் அவை உயரும் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆயினும் யோகம் ஒரு காப்புக் கயிறன்று. புகைபிடித்துக்கொண்டே ஆசனம் செய்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும். இளவயதில் மாரடைப்பு கண்ட குடும்பத்தினர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை இப்போதே சோதித்தறிதல் நன்று. இரத்த அழுத்தம் மிகுந்தோர் மருத்துவரைக் கேளாது தலைகீழ் ஆசனங்களையும் மூச்சடக்குதலையும் மேற்கொள்ளலாகாது. நெஞ்சில் வலி தோன்றினால் மூச்சுப் பயிற்சிக்கு அமராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி இரண்டாம் வினா. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 உடல்நலமுள்ளோரை ஆராய்ந்து 2001-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இலத்தீன் மொழியில் 'அருள்நிறை மரியே' செபத்தைத் தொடர்ந்து சொன்னபோதும், யோக மந்திரத்தைச் சொன்னபோதும், அவர்களுடைய மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் இயல்பும் கூர்மையுற்றது. உடலின் இவ்வியல்பு எம்மதத்தவர்க்கும் பொதுவானதே. ஆகவே உடற்பயிற்சியாக ஆசனம் பழகுவதில் தவறில்லை.

ஆனால் உடலின் அமைதி வேறு, செபம் வேறு. இதனைத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-ஆம் ஆண்டு அக்டோபர் மடலில் தெளிவுறுத்தியது: உடற்பயிற்சி தரும் இதமான உணர்வைத் தூய ஆவியின் ஆறுதலென்று மயங்கலாகாது. நாடி தணிவதற்காக நாம் செபமாலை சொல்வதில்லை. இறைவனோடு உறவாடவே சொல்கிறோம்.

நம் உடல் தூய ஆவியின் ஆலயமெனப் புனித சின்னப்பர் கற்பித்தார். ஆலயத்தைப் பேணுவது கடமை. அத்தம்பியிடம் நான் இறுதியாகச் சொன்னது இதுவே: "பயிற்சியை நாளை தொடங்கலாம், மருத்துவரை இன்றே பார்."