பதினைந்தாம் நாள் கணக்கு

எதிர்வீட்டுத் தம்பி நேற்றுச் சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். குழந்தை பிறந்து பத்து நாள். மனைவி தாய்வீட்டில். டீயை வாங்கியவன் குடிக்கவே இல்லை.

"நாலு வருசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கிப் பெத்த பிள்ளை, அக்கா. இப்பப் போய் காரணமே இல்லாம அழறா."

காரணம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் உச்சத்தில் நிற்கும். அவற்றைச் சுரந்து கொடுப்பது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்ததும் இரண்டும் ஓரிரு நாளில் தடதடவென்று இறங்கிவிடும். அதே நேரம்தான் பால் கட்டும், தையல் வலிக்கும், தூக்கம் துண்டு துண்டாகும். அதனால்தான் மூன்றாம் நாளிலிருந்து கண்ணீர் முட்டுகிறது. தாய்மாரில் பாதிப் பேருக்கு மேல் இது வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகப் போகும். மருந்து வேண்டாம், ஆள்துணையும் தூக்கமும் போதும்.

"அப்ப இன்னும் நாலஞ்சு நாள் பாத்தாப் போதுமா?"

பார்க்கலாம், ஆனால் கவனித்துப் பார்க்க வேண்டும். அழுது ஓய்ந்து நடுவில் சிரிக்கிறாளா? குழந்தை தூங்கும்போதாவது அவளுக்குத் தூக்கம் வருகிறதா? இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளையைத் தூக்கினாலும் மனசு மரத்துக் கிடந்தால், "நான் நல்ல அம்மா இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அது மனச்சோர்வு நோய். முதல் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்குவதும் உண்டு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிரசவமான நூறு பேரில் 22 பேருக்கு இது இருக்கிறது. கோவாவில் தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று, கணவன் அடிப்பதும் பிறந்தது பெண் என்பதும் இந்த நோய்க்கு வழிவிடுவதைக் காட்டியது. ஹார்மோன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது.

உன் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்றேன். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று ஊரே கேட்டது அவளைத்தான். உன்னை யாரும் கேட்கவில்லை. தவமிருந்து பெற்றவள் முடியவில்லை என்று எப்படிச் சொல்வாள்? "கேட்ட வரம் கிடைச்சிருக்கு, இன்னும் என்ன குறை?" என்று ஒரு வாய் கேட்டாலே போதும், மறுபடி வாயே திறக்க மாட்டாள்.

பச்சை உடம்புக்காரிக்குக் கண்ணு பட்டிருக்கும் என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டாராம். போடட்டும், நானும் போட்டவள்தான். கையோடு டாக்டரையும் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டும் இதேபோல் ஆளை அடித்துப் போடும், அதனால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி உண்டு. 1987-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள் மனசு எப்படி இருந்தது என்று கேட்கும். பத்து நிமிஷம்கூட ஆகாது. பேச்சு சிகிச்சையிலேயே பலர் தேறிவிடுகிறார்கள். மாத்திரை வேண்டுமென்றாலும் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை உண்டு, எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் நாள் எண்ணக் கூடாது. ராத்திரி ராத்திரியாகத் தூங்காமலும் அசதியே தெரியாமல் பரபரப்பது, யாரோ பேசுவதாகச் சொல்வது, வீட்டாரையே சந்தேகிப்பது, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்பது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பிரசவகால மனப்பிறழ்வு இப்படித் தொடங்கும். சாகிற எண்ணம் தனியாக வந்தாலும் அவசரம்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸில் இருவரையும் பிரிக்காமல் சேர்த்துப் படுக்கவைத்துப் பார்க்கும் வார்டே இருக்கிறது.

டீயில் ஆடை படிந்திருந்தது. "பதினாறு கழியாம வர வேண்டாம்னுட்டாங்க" என்றான் மெதுவாக. நீ போ என்றேன். போய்ப் பிள்ளையைப் பார்க்கும் முன்னால் அவளிடம், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேள். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவை, துணி மாற்று, தொட்டிலை ஆட்டு. நாலு மணி நேரமாவது ஒரே மூச்சாக அவள் தூங்கட்டும்.

எட்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அவன் போனில் ஓர் எண்ணைப் பதிந்து அனுப்பினேன், நீங்களும் பதிந்துகொள்ளுங்கள்: 14416. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை.