களப்போரத்து மாயக்கதைகள்: அன்றும் இன்றும்

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி கதையில் அம்மனை முதலில் கண்டவர்கள் பெடியள்தான். நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சின்னப் பெடியள். மதுரையை எரித்துவிட்டுக் கடல் கடந்து வந்தவள் ஒரு கிழவியாக அவர்கள் முன் வந்து நிற்கிறாள். பசிக்கிறது என்கிறாள். பெடியள் குழை முறித்துப் பந்தல் போட்டு அவளை இருத்திப் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டதும் விளக்கேற்றச் சொல்கிறாள். எண்ணெய்க்கு எங்கே போவது? கடல்நீரை எடுத்து ஊற்றுங்கள் என்கிறாள். ஊற்றுகிறார்கள், எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்கள்.

கொக்கிளாய்ப் பிள்ளைகளுக்கு இளையோருக்கான மாயக்கதை என்றால் முதலில் வந்து சேர்ந்தது இதுதான். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்முனையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கிற ஊர் அது. 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட களப்பு. அக்கரைக்குப் போனால் புல்மோட்டை, அதாவது திருகோணமலை மாவட்டம். கிழக்குக் கரை வழியே கதிர்காமத்துக்கு நடந்து போகிற யாத்திரிகர்களுக்கும் இது வழியூர். நடந்து வருகிறவர்களோடு கதையும் வரும், போகும்.

இன்று உலகம் முழுவதும் இளையோர் மாயப் புனைவு என்று விற்கிற புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தால் அந்த மாட்டுக்காரப் பெடியளின் கதையில் இருப்பவைதான் அவற்றிலும் இருக்கின்றன. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத வெளி, யாரென்று தெரியாத ஒருத்தி, அவள் வைக்கிற சோதனை, கடைசியில் தாங்க முடியாத ஒரு காட்சி. வன்னிக் கதைக்குக் கூடுதலாக ஒரு வலு உண்டு. அது சொல்லி முடித்ததோடு முடிவதில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீர் விளக்கு எரித்து, பிறகு வற்றாப்பளையில் பொங்குகிறார்கள். கதையில் கேட்ட மாயத்தைப் பிள்ளை கண்ணால் காண்கிறது. எந்த நாட்டுப் பதிப்பகத்தாலும் இதைச் செய்ய முடியாது.

இன்னொரு கதை குமுளமுனைக்கு உரியது. கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவுத் திசையில் நாயாற்றைத் தாண்டிப் போனால் வருகிற ஊர். வன்னிமைகளின் காலத்தில் அங்கே அடங்காத யானை ஒன்று. ஆண்கள் பின்வாங்கி நிற்க, வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறாள். அவளுக்குக் கிடைத்த பரிசு நஞ்சு. பொறாமை கொண்டவர்கள் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். வேலப்பணிக்கன் பெண்சாதி ஒப்பாரி என்று பாட்டாக நின்ற இந்தக் கதையை ஒலிபரப்பாளர் அருணா செல்லத்துரை ‘வேழம்படுத்த வீராங்கனை’ என்ற நாடகமாக மேடைக்குக் கொண்டுவந்தார். கெட்டிக்காரியான ஒரு பெண்ணை ஊர் என்ன செய்யும் என்பதை வீட்டில் யாரும் பெண்பிள்ளையை இருத்திவைத்துச் சொல்வதில்லை. ஒப்பாரி சொன்னது. மாயக்கதையின் வேலையே இதுதான் என்று நான் நம்புகிறேன். நேராகச் சொல்ல முடியாததை யானையின் மேல் ஏற்றிச் சொல்வது.

அச்சில் வந்தவை பிறகுதான். 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் கைகளிலும் அட்டை கிழியும்வரை சுற்றியது. முருங்கை மரத்து வேதாளத்தையும் வாண்டுமாமாவின் சாகசங்களையும் வாசித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கும் உண்டு. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது அந்த வரத்து குறைந்தது. பிள்ளைகளுக்கு அது இழப்பு. ஆனால் அந்தக் காலத்தில்தான் வீரகேசரி ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ அவற்றில் ஒன்று. தண்ணிமுறிப்புக் காட்டில் வளர்கிற பதஞ்சலி என்ற இளம்பெண்ணின் கதை. மாயம் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் தன் குளத்தையும் காட்டையும் அச்செழுத்தில் கண்ட வன்னிப் பிள்ளைக்கு அதுவே ஒரு மாயமாக இருந்திருக்கும். பதினைந்து வயதுக்காரருக்கு இன்றும் தயங்காமல் கொடுக்கக்கூடிய நாவல் அது.

பிறகு போர் வந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். தண்ணிமுறிப்பும் வெறுமையானது. ‘நிலக்கிளி’யின் ஊர் புத்தகத்துக்குள் மட்டும் மிஞ்சியது. அடுத்த கால் நூற்றாண்டில் கொக்கிளாய்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் கொக்கிளாயைக் காணாமலே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பெற்றோர் சொன்ன கதைகளில் களப்பும் கரைவலையும் கூழைக்கடாக்களும் வந்தன. போக முடியாத ஒரு நாட்டைப் பற்றிய கதைகளாக அவை மாறிப்போயின. சொந்த ஊரே கற்பனை உலகமாகிவிட்ட பிள்ளைகளுக்கு வேறு கற்பனை உலகம் எதற்கு என்று கேட்கலாம். தேவைப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. யாம் போத்தலில் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி வைத்த சிக்கன விளக்கில்தான் வன்னி படித்தது. பாடக்கொப்பிக்கே வெளிச்சம் போதாத நேரத்திலும் கிழிந்த கதைப் புத்தகங்கள் கைமாறின. விளக்கு எரிய எண்ணெய் இல்லாத பிள்ளைகளுக்கு, கடல்நீரில் விளக்கு எரிந்த கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகள் இப்போது பதின்வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் கைப்பேசி இருக்கிறது. மாயம் அதில் காணொளியாக வருகிறது, தமிழில் குரல் மாற்றிய படங்களாக வருகிறது. ஹாரி பாட்டரைப் புத்தகமாக அறிந்தவர்களைவிடப் படமாக அறிந்தவர்களே அதிகம் இருப்பார்கள். முதல் நாவல் ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்று தமிழிலேயே கிடைக்கிறது என்பதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறவர்கள் ஆசிரியர்களிலும் உண்டு. 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்த பிறகு இந்தியப் புத்தகங்களின் விலை ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதே கைப்பேசியில் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்கள் காசில்லாமல் கிடக்கின்றன. இரண்டும் ஒரே காலத்தின் உண்மைகள்.

அப்படியானால் இன்றைய இளையோர் மாயப் புனைவில் கொக்கிளாய்ப் பிள்ளைக்கு எது வேண்டும்? என் முதல் தெரிவு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. வானம் பதிப்பகம் வெளியிட்ட இளையோர் நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. தமிழ்நாட்டில் அகழாய்வு நடந்த கீழடிக்குப் போகிற இக்காலச் சிறுவன் ஒருவன், பழைய பொம்மை ஒன்றின் வழியாக ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கிறான். ஆதன் என்பது கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்டிருந்த பெயர். மண்ணுக்குள்ளிருந்து வந்த ஓர் எழுத்துக்கு உடம்பு கொடுத்து, ஓடவும் விளையாடவும் விட்டிருக்கிறார் ஆசிரியர். வரலாற்றைப் பிள்ளைக்குப் பாடமாக ஊட்டாமல் தோழனாக அறிமுகப்படுத்துவது எளிதான காரியமல்ல.

இந்த நாவலைக் கொக்கிளாயில் வைத்து வாசிக்கும்போது அது வேறொரு கனம் பெற்றுவிடுகிறது. 2023 ஜூனில், பக்கத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்தன. அகழ்வு 2024இல் முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கிடங்கைக் கடந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழடிச் சிறுவனுக்கு மண் பொம்மையைக் கொடுத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு மண் கொடுத்தது என்ன என்பதை வீட்டில் யார் சொல்வார்கள்? பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களில் பலர் போரில் காணாமல்போன தங்கள் ஆட்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் பதின்மூன்று வயதில் கேள்வி நிற்காது.

அதனால்தான் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசிய’த்தை இரண்டாவதாக வைக்கிறேன். 2020இல் இதே விருதைப் பெற்ற நூல். ஒரு சிறுமியிடம் இருக்கிற மரப்பாச்சிப் பொம்மை பேசத் தொடங்குகிறது. அந்தப் பேச்சின் வழியே, பிள்ளைகள் மீது நடக்கிற பாலியல் அத்துமீறலைப் பற்றி, பிள்ளைக்கு விளங்குகிற மொழியில், பயமுறுத்தாமல் பேசிவிடுகிறது கதை. பொம்மையை எடுத்துவிட்டால் இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாகியிருக்கும். பொம்மை இருப்பதால் பிள்ளை அதைக் கூட்டாளியிடம் திருப்பிச் சொல்கிறது. அரியாத்தை ஒப்பாரி ஒரு காலத்தில் செய்த வேலையை இன்று இப்படியான புத்தகங்கள் செய்கின்றன. 2025இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ வரை, கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வந்திருக்கிற ஊக்கம் உண்மையானது.

ஆங்கிலம் கைவந்த உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும், ரொறொன்ரோவிலும் லண்டனிலும் வளர்கிற கொக்கிளாய்ப் பேரப்பிள்ளைகளுக்கும் நான் சொல்வது டோமி அடேயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’. 2018இல் வந்தது. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் அவர். யொரூபா மக்களின் தெய்வங்களையும் நம்பிக்கைகளையும் எடுத்து ஒரிஷா என்ற நாட்டைப் படைத்திருக்கிறார். அரசன் ஒருவன் மந்திர ஆற்றல் கொண்ட மக்களை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறான். அதில் தாயைப் பறிகொடுத்த ஸெலி என்ற பெண்தான் நாயகி. அமெரிக்காவில் நிராயுதபாணிகளான கறுப்பின மக்கள் பொலிஸாரால் சுடப்பட்ட செய்திகளைக் கண்டு கொதித்துத்தான் இதை எழுதியதாக ஆசிரியரே நூலில் சொல்கிறார். நாவல் நீளம் கூடியது, காதல் பகுதி எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஆனால் பெற்றோரின் இழப்பைப் பிள்ளை எப்படிச் சுமக்கிறது, கோபத்தை எங்கே இறக்கி வைக்கிறது என்பதில் அவர் எழுதியிருக்கிற பக்கங்களை வன்னிப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சின்னவர்களுக்கு ஆங்கிலத்தில் என்றால் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்கிற நிஸ்ரானா பாரூக்கின் ‘த கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிஃபன்ட்’. 2020இல் வெளிவந்தது. பழைய இலங்கையைப் போன்ற செரண்டிப் என்ற கற்பனை நாட்டில், அரசியின் நகைகளைத் திருடிய சாயா என்ற சிறுமி அரசனின் யானையிலேயே ஏறித் தப்புகிறாள். மந்திரம் கிடையாது, ஆனால் நாடு முழுக்கப் புனைவு. விறுவிறுப்பாக ஓடுகிற கதை. இதை வாசித்து முடித்ததும் எனக்கு அரியாத்தைதான் நினைவுக்கு வந்தாள். யானையை அடக்கிய குமுளமுனைப் பெண்ணுக்கு நஞ்சு கிடைத்தது. யானையைத் திருடிய செரண்டிப் பெண் உயிரோடு காட்டுக்குள் ஓடுகிறாள். இந்த இரண்டு கதைகளையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுத்தடுத்து அறிந்தால், மூன்றாவது ஒன்றைத் தானே யோசிக்கத் தொடங்கும்.

அந்த மூன்றாவது இன்னும் என் கைக்கு வரவில்லை என்பதில்தான் எனக்குக் கவலை. நம்மூரில் பிள்ளைகளுக்கென்று வருகிற புத்தகங்களில் பெரும்பாலானவை இன்னும் நல்லொழுக்கம் சொல்கின்றன. மரம் நடு, பொய் சொல்லாதே, ஒற்றுமையாக இரு. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பிறகு பிறந்த ஒரு பிள்ளையின் பயத்தோடும் ஆசையோடும் அவற்றுக்குப் பேச்சு இல்லை. களப்பில் பூநாரைகள் இறங்குகிற மாதங்களையும், வாடிகளையும், ஒரே கடலில் வலைபோட உரிமை கேட்டு நடக்கிற சண்டைகளையும், தமிழும் சிங்களமும் ஒரே கரையில் கேட்கிற காலையையும் கொண்ட ஒரு மாய நாவலை நான் இன்னும் வாசித்ததில்லை. அதற்கு வேண்டிய பொருள் அத்தனையும் அங்கே கிடக்கிறது. ஒரு கிழவி களப்போரம் வந்து நின்று தண்ணீர் கேட்டால் போதும், கதை தொடங்கிவிடும்.

செய்யக்கூடியவை சிறியவை. கொக்கிளாயிலும் அயலூர்களிலும் உள்ள பாடசாலைகளின் புத்தக அலுமாரிகளுக்கு ‘ஆதனின் பொம்மை’யில் சில படிகள் வாங்கிக் கொடுக்க வெளிநாட்டிலிருக்கிற ஊர்ச் சங்கங்களால் முடியும். கோவில் திருவிழாவுக்கு அனுப்புகிற காசில் ஒரு துளி போதும். அலுமாரியைப் பூட்டாமல் வைப்பது அதிபர்களின் கையில் இருக்கிறது. வாசிகசாலைகளில் பரீட்சை வினாத்தாள் தொகுப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கதைகளுக்கு ஒதுக்கலாம். பிள்ளைகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அதற்குக் காசே தேவையில்லை. அரியாத்தையின் ஒப்பாரியை ராகத்தோடு சொல்லத் தெரிந்த கிழவிகள் குமுளமுனையிலோ முள்ளியவளையிலோ இருந்தால் அவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும். வருகிற வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிற பிள்ளைகளில் ஒன்றாவது, அம்மம்மாமாரில் யாருக்கு அந்தப் பாட்டுத் தெரியும் என்று கேட்டு, முன்னால் உட்கார்ந்து, முழுவதையும் கைப்பேசியில் பதிந்துகொண்டு வரட்டும்.