பூட்டும் பச்சை விளக்கும்

சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் நம்மிடையே நடக்கும் விவாதங்கள் அன்பர்கள் அறிந்தவையே. இணையத்தில் பணம் கட்டலாமா, பூமி சூடாவது உண்மையா, பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று எதையும் விடுவதில்லை. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்ற முறையில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அடையாளத்தைக் கண்டால் அது எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்லவில்லை என்றும் கேட்க வேண்டும். இதைக் கற்க எனக்கு ஆன செலவு 23,000 ரூபாய்.

சென்ற மே மாதம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு கனெக்‌ஷன் துண்டிக்கப்படும் என்றது. நாக்பூர் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் ஓர் இரவா? பதற்றத்தில் அதிலிருந்த லிங்க்கைத் தொட்டேன். என் பழைய கைப்பேசியில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிந்தது. பூட்டு இருக்கிறதே என்று நம்பி, கார்டு எண்ணைத் தந்தேன். அவர்கள் சொன்ன செயலியையும் இறக்கினேன். 9,000 ரூபாய் போயிற்று.

அந்தப் பூட்டு பொய் சொல்லவில்லை. நம் கைப்பேசிக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே போகும் விவரத்தை வேறு யாரும் படிக்க முடியாது என்றது, அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கலாம். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே கூகுள் நிறுவனம் 2023இல் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது. பச்சை விளக்கும் அப்படித்தான். முன்னால் பாதை காலி என்று சொல்லும். சென்னைக்குப் போக வேண்டியவர் டில்லி போகும் ஜி.டி.யில் ஏறியிருந்தாலும் பச்சை பச்சைதான்!

இன்னொன்று, பருவநிலை. ஜனவரியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வரும் நண்பர், "எங்கே ஐயா உங்கள் வெப்பமயம்?" என்கிறார். ஒரு நாள் குளிர் அந்த நாளைப் பற்றித்தான் சொல்லும். ஒரு கிலோமீட்டர் ரயிலைக் கட்டின்றி விட்டால், 30 டிகிரி சூடு ஏறும்போது சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். இறுக்கிக் கட்டியிருப்பதால் நீள முடியாமல் நெளியப் பார்க்கும். அதனால்தான் கோடை மதியங்களில் ஆட்களை ரோந்துக்கு அனுப்புவோம். நாங்கள் நம்பியது தினமும் எழுதிய ரிஜிஸ்டரை. உலகத்துக்கும் அப்படி ஒரு ரிஜிஸ்டர் உண்டு. ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420க்கு மேல். இந்தக் கணக்கை மஃப்ளரால் மறுக்க முடியாது.

பிள்ளைகள் விஷயமும் இதே. தமிழ் வகுப்பு வருகைப் பதிவேடு, பிள்ளை வந்தான் என்றுதான் சொல்லும். பாட்டிக்கு நாலு வரி எழுதுவானா என்று வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். படித்தவன் ஏமாந்தேன் என்ற வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் இரவு அந்தச் செயலி வழியாகவே இன்னும் 14,000 ரூபாய் போயிற்று. பிறகுதான் மகளிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் 1930 என்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் போன் செய்தாள். நம் கவனக்குறைவால் போனது நம் நஷ்டம். வங்கிக்குத் தெரிவித்த பின் போவது வங்கியின் பொறுப்பு. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. முதல் இரவே வாய் திறந்திருந்தால் அந்த 14,000 மிஞ்சியிருக்கும்.

ஆகவே அன்பர்களே, செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மீறி ஏமாந்தால் உடனே வீட்டில் சொல்லுங்கள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.