வெப்பமும் ஓட்டமும்

வாணலியின் கைப்பிடி நெகிழியால் அமைவதன் காரணத்தை யாவரும் அறிவர். அடுப்பின் சூட்டை அது கைக்குக் கொண்டுவருவதில்லை. அந்த நற்பண்பே வேறோர் இடத்தில் குறையாகிவிடுகிறது. ஒளியுமிழ் டையோடு விளக்கின் உள்ளே தோன்றும் வெப்பம் வெளியேறாவிடில் விளக்கின் வாழ்நாள் குறையும். உறை நெகிழியாயின் வெப்பம் உள்ளேயே தேங்கும். அலுமினியமாயின் எளிதில் வெளியேறும், ஆனால் எடை கூடும். நெகிழியின் எளிய வார்ப்பையும் உலோகத்தின் வெப்பக்கடத்தலையும் ஒரே பொருளில் பெற இயலுமா என்னும் வினாவே மீநுண் கரியிழைகளை நெகிழியில் கலக்கும் ஆய்வுக்கு வித்திட்டது.

இழையின் பிறப்பு

மீத்தேன் போன்ற வாயுவை இரும்பின் நுண்துகள்கள்மீது உயர் வெப்பநிலையில் செலுத்தினால் வாயு சிதைந்து கார்பன் பிரிகிறது. இரும்புத்துகள் வினைவேக மாற்றியாக நின்று அக்கார்பனை இழையாக வளரச் செய்கிறது. இது புதிய செய்தியன்று. 1889-ஆம் ஆண்டிலேயே ஹியூஸ், சேம்பர்ஸ் ஆகிய இருவர் வாயுவிலிருந்து கரியிழை வளர்க்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். ஆயினும் இழையின் உள்ளமைப்பைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று பயன்படும் இழைகளின் விட்டம் பெரும்பாலும் 50 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். தலைமுடியோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் தடிமன் உடையது. அடியற்ற காகிதக் குவளைகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கியதுபோல் கிராஃபைட் படலங்கள் அடுக்கப்பட்டு, நடுவே குழலாக அமைந்த இழைகளும் இவற்றுள் உண்டு.

எல்லையில் தயங்கும் வெப்பம்

பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியின் வெப்பக்கடத்துத்திறன் ஏறத்தாழ 0.2 வாட்/மீட்டர் கெல்வின். தாமிரத்திற்கு அது 400. இதே முறையில் வளர்த்து, மிகுந்த சூட்டில் பதப்படுத்திய சற்றுத் தடித்த கரியிழைகளில் 1,900-ஐக் கடந்த அளவும் பதிவாகியுள்ளது. எனவே நூற்றுக்கு ஐந்து பங்கு இழையைச் சேர்த்தாலே நெகிழி உலோகத்திற்கு நிகராகிவிடும் எனக் கணக்கிடத் தோன்றும். நடப்பதோ வேறு. கலவையின் கடத்துத்திறன் சில மடங்கு உயர்வதே அரிது.

இதற்குக் காரணம் இழையும் நெகிழியும் சந்திக்கும் எல்லையில் உள்ளது. இப்பொருள்களில் வெப்பம் பெரிதும் அணுக்களின் அதிர்வாகவே பயணிக்கிறது. கிராஃபைட்டின் பிணைப்புகள் விறைப்பானவை. நெகிழியின் சங்கிலிகளோ தளர்வானவை. ஒன்றின் அதிர்வை மற்றொன்று முழுமையாக ஏற்பதில்லை. இத்தகைய எல்லைத் தடையை 1941-இல் திரவ ஹீலியத்தில் கண்டு விளக்கியவர் கபிட்சா. இழை நுண்ணியதாக ஆக, அதே எடையில் எல்லைப் பரப்பு பெருகுகிறது, தடையும் பெருகுகிறது. நுண்மையே இங்குப் பகையாகிறது.

மின்சாரத்தின் நிலை வேறு. இழைகள் ஒன்றையொன்று நெருங்கி வலைப்பின்னலானதும், எலக்ட்ரான்கள் அவ்வலை வழியே மட்டும் செல்கின்றன. இழைக்கும் நெகிழிக்கும் இடையே மின்கடத்துத்திறனில் உள்ள வேறுபாடு கோடி கோடி மடங்கிற்கும் மேல். வெப்பத்தில் அது சில ஆயிரம் மடங்கே. ஆகவே வெப்பம் வலையை விட்டு நெகிழிக்குள்ளும் கசிந்து பரவுகிறது.

ஓட்டம் கேட்கும் விலை

அப்படியாயின் இழையை மேலும் மேலும் சேர்த்தால் என்ன? ஒரு குடம் நீரில் கைப்பிடி மணலைப் போட்டாலும் நீர் தடையின்றி வழியும். அதே எடையுள்ள தேங்காய் நாரைப் போட்டால் குடத்தின் வாய் அடைத்துக்கொள்ளும். உருண்டைத் துகள்கள் நீர்மத்தின் பாகுநிலையை எவ்வளவு கூட்டும் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1906-இல் ஒரு சமன்பாடு தந்தார். (அதிலிருந்த கணக்குப் பிழையை 1911-இல் அவரே திருத்தி, 2.5 என்னும் எண்ணை அளித்தார்.) தன் தடிமனைப்போல் நூறு மடங்கு நீண்ட இழைகளோ அச்சமன்பாட்டிற்கு அடங்குவதில்லை. சிறிதளவு சேர்ந்தாலும் அவை பின்னிக்கொள்கின்றன. உருகிய நெகிழி அசையாது நிற்கும்போது ஏறக்குறைய திண்மம்போல் விறைக்கிறது.

விரைந்து தள்ளும்போது வலை குலைந்து, இழைகள் ஓட்டத்தின் திசையில் திரும்பிப் பாகுநிலை தணிகிறது. இப்பண்பினால்தான் உயர் அழுத்தத்தில் அச்சினுள் செலுத்தி வார்ப்பது இயலுகிறது. ஆனால் இங்கும் ஓர் இக்கட்டு உண்டு. இழைக்கட்டிகளைப் பிரிக்க இரட்டைத் திருகு எந்திரத்தில் வலிந்து கலக்க வேண்டும். அவ்வாறு கலந்தால் இழைகள் ஒடிகின்றன. ஒடிந்த இழை எளிதில் ஓடும், வெப்பத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்லாது. மென்மையாகக் கலந்தால் இழைகள் நீளமாக இருக்கும், கட்டிகளும் கட்டிகளாகவே இருக்கும்.

வார்ப்பு முடிந்த பின்னும் ஓட்டத்தின் சுவடு மறைவதில்லை. ஓட்டத்தின் திசையில் படுத்துவிட்ட இழைகள் வெப்பத்தை உறையின் நீளவாக்கில் நன்கு கடத்தும். விளக்கிற்குத் தேவையானதோ உள்ளிருந்து வெளியே, தடிமனின் குறுக்கே செல்லும் வழி. இதனால் வெப்பம் கடத்தும் நெகிழிகளில் கிராஃபைட் செதில்களையும் போரான் நைட்ரைடையும் மிகுதியாகச் சேர்க்கும் வழக்கமே பரவலாக உள்ளது. மீநுண் கரியிழையோ, சிறிதளவே போதுமான இடங்களில், குறிப்பாக நிலைமின்னூட்டம் தங்காமல் வழிந்தோட வேண்டிய உறுப்புகளில், இடம்பெறுகிறது.